65 கிலோ மனிதரும் நம் ஊர் ஆண்களும்

இந்திய ஊட்டச்சத்துத் துறையின் கணக்குகளில் ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். வயது 19-க்கும் 39-க்கும் இடையில், எடை 65 கிலோ, நோய்நொடி கிடையாது. வேலை நாளில் 8 மணி நேரம் மிதமான உழைப்பு, 8 மணி நேரம் படுக்கை, 4 முதல் 6 மணி நேரம் உட்கார்வதும் நடமாடுவதும், 2 மணி நேரம் நடையோ விளையாட்டோ வீட்டு வேலையோ. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் பரிந்துரைகளுக்கு அளவுகோலாக வைத்திருக்கும் 'மாதிரி ஆண்' இவர்தான். 2010 அறிக்கையில் 60 கிலோ இருந்தார். 2020 அறிக்கையில் 5 கிலோ கூடிவிட்டார். நாளொன்றுக்கு 54 கிராம் புரதம், 1000 மில்லிகிராம் கால்சியம், 19 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று ஆண்களுக்காகச் சொல்லப்படும் எண்கள் எல்லாம் இவருடைய உடம்பை வைத்துப் போட்டவை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இவரைத் தேடினால் அகப்படுவது கடினம். விராலிமலைத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறுகிறவருக்கு 8 மணி நேரத் தூக்கம் கிடைப்பதில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் போகிறவர் இரவெல்லாம் வலையோடு மல்லுக்கட்டிவிட்டு விடிந்து கரையேறுகிறார். கீரமங்கலம் பக்கம் இருட்டோடு பூப்பறிக்கப் போகிறவர் பத்து மணி வரை வெறும் டீயில் ஓட்டுகிறார். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுச் சர்க்கரை நோயோடு அறந்தாங்கிக்குத் திரும்பியவர் ஒருவர், போலீஸ் தேர்வுக்காகக் காலை 5 மணிக்குக் கிரவுண்டில் ஓடுகிற பையன் இன்னொருவர். இவர்களில் யாருக்கும் அந்த 65 கிலோ மனிதரின் பட்டியல் அப்படியே பொருந்தாது. அவருக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் உள்ள இடைவெளியை அளப்பதுதான் ஒருவருக்கென்று உணவுத் திட்டம் போடுகிற வேலையில் முதல் பாதி. அளந்ததையும் கொடுத்ததையும் நடந்ததையும் எழுதி வைப்பது மறுபாதி. முதல் பாதியைச் செய்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் ஏராளம். மறுபாதியை அநேகமாக யாரும் செய்வதில்லை. அந்த மறுபாதி இல்லாவிட்டால் முதல் பாதிக்கும் மதிப்பில்லை என்பதே என் கட்சி.

இந்தக் கணக்கு பிறந்ததே தமிழ்நாட்டில்தான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடம். சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை கடைசி. பழியை அரிசி மேல் மட்டும் போட முடியாது. தீட்டிய அரிசியோடு பருப்பும் பாலும் கீரையும் போதிய அளவு சேராததுதான் குறை. நூறு வருடம் ஆகப்போகிறது, தட்டில் அந்தக் குறை இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அவருக்குப் பின் குன்னூருக்குப் பொறுப்பேற்ற ஆய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பையும் திருப்தியான உணவைத் திட்டமிடும் முறையையும் சொல்லும் சிறு நூலை 1937-இல் கொண்டுவந்தார். அந்த மரபில் வந்த 2017-ஆம் ஆண்டின் இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கான உணவைக் கணக்கிடும்போது உட்கார்ந்து வேலை செய்யும் ஆணை 1 என்று வைத்துக்கொள்வார்கள். அதே மாதிரி வேலை செய்யும் பெண் 0.8, கடும் உழைப்பாளி ஆண் 1.6. அளவுகோலே ஆண்தான். ஆனால் அந்த ஆண் தனி ஆளாக எந்த ஏட்டிலும் இல்லை.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் தமிழ்நாட்டின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. கர்ப்பிணிக்குப் பதிவு எண் உண்டு, ஊட்டச்சத்துப் பெட்டகம் உண்டு, எடை முதல் இரத்த அளவு வரை மாதாமாதம் எழுதுகிறார்கள். குழந்தைக்கு அங்கன்வாடியில் எடை வரைபடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. படிப்பை முடித்துவிட்டு வெளியே வரும் பையனுக்கு அதன் பிறகு உணவு பற்றிய பதிவு என்று ஒன்றுமே கிடையாது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை, ஆகவே அவர்களுக்கு முன்னுரிமை தருவது நியாயம். அதே கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் நால்வரில் ஒருவருக்கும் இரத்தசோகை இருந்தது. மாவட்ட வாரியான சுருக்க ஏட்டில் ஆண்களின் சர்க்கரை, இரத்த அழுத்தம், புகையிலை, மது எல்லாம் வருகின்றன. அவர்களுடைய இரத்தசோகைக்கு மட்டும் அதில் வரிசை இல்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம்தான். ஆனால் அதன் மையம் மாத்திரை, தட்டு இல்லை.

எது 'தனிப்பட்டது'?

எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் உங்கள் மரபணுவுக்கேற்ற சாப்பாட்டுப் பட்டியல் வரும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆராய்ச்சி சொல்வது என்ன? மனிதருக்கு மனிதர் வித்தியாசம் உண்மைதான். 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை ஆராய்ந்து, ஒரே உணவுக்கு ஒவ்வொருவரின் இரத்தச் சர்க்கரையும் வேறு வேறு மாதிரி ஏறுவதைக் காட்டியது. 2020-இல் வெளிவந்த பிரிட்டனின் பிரெடிக்ட் ஆய்வில் ஒரே கருவில் உருவான இரட்டையருக்குள்ளேகூட வித்தியாசம் இருந்தது. மரபணு ஒன்றாக இருந்தும் இப்படி என்றால், மரபணுச் சோதனையால் மட்டும் எவ்வளவு தூரம் போய்விட முடியும்?

இதற்கு நேரடியான பதில் இரண்டு ஆய்வுகளில் இருக்கிறது. ஏழு ஐரோப்பிய நாடுகளில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஃபுட்ஃபோர்மீ ஆய்வு 2017-இல் வெளியானது. பொதுவான அறிவுரையைவிட, ஒருவரின் தற்போதைய உணவைப் பார்த்துச் சொன்ன அறிவுரை நன்றாக வேலை செய்தது. அதற்கு மேல் இரத்த அளவுகளைச் சேர்த்தும், மரபணுத் தகவலைச் சேர்த்தும் சொன்ன அறிவுரை கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என்று இரு பிரிவாக ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள் (2018). மரபணு வகைக்குப் 'பொருந்திய' உணவு கிடைத்தவர்கள் கூடுதலாக எடை இழக்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவதுதான் இன்றைக்குக் கிடைக்கும் பலன் உள்ள சோதனை. அதற்குச் செலவு ஒரு நோட்டும் முக்கால் மணி நேரமும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் உடம்பு வேறு தினுசு. புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக்குறியீடு 22.3. பிரிட்டிஷ்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரியும் ஆளுக்குள்ளே கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நமக்கு எடைக்குறியீடு 23-இலேயே எச்சரிக்கை, ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. எடை மெஷினைவிடத் தையல்காரரின் டேப் இங்கே அதிகம் சொல்லும். தமிழ்நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 14.4 சதவீதம் என்று 2023-இல் வெளியான இந்தியாப் ஆய்வு சொன்னது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வுக்குழு பின்னர் கணக்கிட்டது.

இனி இந்த ஊர் ஆணைத் 'தனியாள்' ஆக்குகிற விஷயங்களுக்கு வரலாம். முதலில் வேலை. உட்கார்ந்து வேலை செய்யும் மாதிரி ஆணுக்கு 2,110 கலோரி, கடும் உழைப்பாளிக்கு 3,470. ஒரே ஊரில் ரேஷன் கடை எழுத்தரும் மண்வெட்டி பிடிப்பவரும் ஒரே அளவு சோறு தின்றால் ஒருவருக்குத் தொப்பை, இன்னொருவருக்கு மெலிவு. போர்வெல்லும் டிராக்டரும் வந்த பிறகு வயலில் உழைப்பு குறைந்தது. சோற்றின் அளவு குறையவில்லை.

அடுத்தது யாரும் எழுதிக்கொடுக்காத கலோரி. நாளுக்கு ஆறு டீ குடிப்பவர், டீக்குப் பத்து கிராம் சர்க்கரை என்று வைத்தாலும் 60 கிராம் சர்க்கரையை உணவுக் கணக்கிலேயே சேர்க்காமல் விழுங்குகிறார். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதும் குறையும். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, சாராய அளவு 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 60 கிராம் ஆல்கஹால், சுமார் 425 கலோரி, சத்து என்று எதுவுமே இல்லை. "எப்பவாவதுதான்" என்று சொல்பவரிடம் வாரத்தில் எந்த நாள், யாரோடு, தொட்டுக்க என்ன என்று கேட்டால்தான் உண்மை வரும். இதைக் கேட்க வெட்கப்படும் உணவு ஆலோசகர் போடும் பட்டியல் பொய்ப் பட்டியல்.

பிறகு காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜெகதாப்பட்டினத்தில் மீனை நம்பிப் போட்ட புரதக் கணக்கு அந்த இரண்டு மாதத்தில் விலையோடு சேர்ந்து மாறிவிடும். கடலோர ஊர்களில் ரமலான் மாதம் சாப்பாட்டு நேரத்தையே புரட்டிப்போடும். சபரிமலைக்கு மாலை போட்டவரிடம் 48 நாள் முட்டையைப் பற்றிப் பேச முடியாது. கீரமங்கலத்தில் பலா பழுக்கிற மாதங்களில் சர்க்கரை நோயாளியிடம் பழமே தொடாதீர்கள் என்பது நடக்காத பேச்சு. இரண்டு சுளை, அன்றைக்கு ஒரு கரண்டி சோறு குறைவு என்று எழுதினால் கேட்பார். திட்டம் ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பதை நம் பஞ்சாங்கமே சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், சமைப்பது யார்? திட்டம் ஆணுக்கு, அடுப்படியில் நிற்பது அம்மாவோ மனைவியோ. ஆலோசனை அறையில் அந்தப் பெண் இல்லாவிட்டால் காகிதம் சட்டைப் பையிலேயே துவைபடும். பையனுக்கு மூன்று முட்டை என்று எழுதும்போது, அந்த மூன்றில் ஒன்று தாயின் பங்கிலிருந்து போகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பெண்களுக்கு இரத்தசோகை உள்ள மாநிலத்தில் ஆணின் சத்துத் திட்டம் பெண்ணின் தட்டைச் சுரண்டக்கூடாது.

பவுடர் டப்பா

காவலர் தேர்வுக்கு நிற்கும் ஆணுக்குப் பொதுப் பிரிவில் 170 சென்டிமீட்டர் உயரம், 81 சென்டிமீட்டர் மார்பு, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிவு, 7 நிமிடத்தில் 1,500 மீட்டர் ஓட்டம் வேண்டும். உயரத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பையன்கள் மார்பையும் கால்களையும் பிடித்துக்கொள்கிறார்கள். கிரவுண்டிலிருந்து ஜிம், ஜிம்மிலிருந்து டப்பா. மாடுபிடிக்க இறங்குகிறவர்களும் கபடிக்காரர்களும் இதே பாதையில்தான் வருகிறார்கள்.

உடற்பயிற்சி செய்பவருக்குப் புரதம் எவ்வளவு வேண்டும்? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. 65 கிலோ பையனுக்கு 104 கிராம். இது டப்பா இல்லாமல் முடியுமா? நாள் முழுவதற்குமான 400 கிராம் அரிசியில் 31 கிராம் புரதம், உளுந்து துவரை எல்லாம் சேர்த்து 75 கிராம் பருப்பில் 17, ஒரு கை நிலக்கடலையில் (50 கிராம்) 12, முட்டை மூன்றில் 19, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13, நூறு கிராம் சூடை மீனில் 18. கூட்டினால் 110. மீன் கிடைக்காத நாளில் இன்னும் இரண்டு முட்டை. அவ்வளவுதான் விஷயம். இந்தக் கணக்கைப் போடும்போது நினைவுக்கு வர வேண்டிய ஊர் ஆலங்குடியை அடுத்த வம்பன். தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று தமிழ்நாட்டு உழவர்கள் கேட்டு வாங்கும் உளுந்து ரகங்கள் அங்கே உருவானவை. உளுந்துக்கு ரகம் கொடுத்த மாவட்டத்தின் பையன்கள் புரதத்துக்காக இறக்குமதி டப்பாவுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் கொடுப்பது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம்.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருந்தால்கூடப் பரவாயில்லை. கேரளத்தின் சிரியக் அபி பிலிப்ஸ் குழு இந்தியச் சந்தையிலிருந்து 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு, 75 சதவீதத்தில் ஈயம் தென்பட்டது. ஆய்வகத்தில் வழக்கமாக அளக்கப்படுவது புரதம் இல்லை, நைட்ரஜன். அதிலிருந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். மலிவான நைட்ரஜன் பொருளைக் கலந்தால் எண் உயர்ந்துவிடும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்ததும் இந்த வழியில்தான். நியாயமாகச் சொன்னால், ஈரத்தில் போட்டு வைத்த நிலக்கடலையிலும் அஃப்ளாடாக்ஸின் வரும். சுருங்கிய, பூசணம் பிடித்த, கசக்கிற கடலையைப் பொறுக்கி எறிவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டியும் புரதப் பவுடரைத் தவிர்க்கவே சொல்கிறது.

இதற்காக எல்லாச் சப்ளிமெண்டும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நாளுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் தசை வலிமைக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. சர்க்கரைக்காக நெடுநாள் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், பார்த்துக் கொடுக்க வேண்டும். சுத்த சைவர்களுக்கும் அப்படியே. குறை இருப்பது தெரிந்து, அளவாக, குறித்த காலத்துக்குக் கொடுத்தால் மாத்திரை நல்ல கருவி. சிக்கல் 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விழுங்குவதில். ஆண்களை வைத்து நடந்த பெரிய பரிசோதனைகள் இதைக் கசப்பாகவே சொல்லியிருக்கின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்ட ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது (1994). வைட்டமின் ஈ 400 யூனிட் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை அமெரிக்காவின் செலக்ட் ஆய்வு 2011-இல் அறிவித்தது. ஆண்மலட்டுக்கு என்று மெடிக்கலில் அள்ளிக் கொடுக்கும் துத்தநாகம், ஃபோலிக் அமிலக் கூட்டை 2,370 தம்பதிகளிடம் சோதித்தார்கள் (2020). விந்தின் தரமும் உயரவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை. ஓரளவு நல்ல செய்தி ஒன்றே ஒன்று: 14,641 ஆண் மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வில் தினசரி மல்ட்டி வைட்டமின் புற்றுநோயை 8 சதவீதம் குறைத்தது (2012). அதே மாத்திரை மாரடைப்பைக் குறைக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானவை பெயரில்லாத பொருள்கள். ஒரே மாதத்தில் எடை கூட்டும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வீரியம் தரும் 'மூலிகை' மாத்திரையில் சில்டினாஃபில் கலந்து பிடிபட்ட சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. நெஞ்சுவலி மருந்து எடுப்பவருக்கு அது உயிரையே பறிக்கலாம். நம் அமுக்கரா இன்று அஸ்வகந்தா கேப்ஸ்யூலாகி டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் என்று விற்கிறது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. டென்மார்க் 2023-இல் தடையே போட்டது. சித்த மருத்துவரிடம் வாங்கும் லேகியம் ஆனாலும் ஜிம்மில் வாங்கும் டப்பா ஆனாலும் ஏட்டில் ஏற வேண்டும்.

ஏடு எப்படி இருக்க வேண்டும்

உணவு ஆலோசனையை எழுதி வைப்பதற்கு உலகளவில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்க உணவியலாளர் சங்கம் 2003-இல் ஏற்றுக்கொண்டது அது. மதிப்பிடு, குறையைச் சொல், தலையிடு, கண்காணி, பலனைப் பார் என்று போகும். இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது படி. குறை என்ன, எதனால், அதற்குச் சாட்சி என்ன என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்கிறது. "சர்க்கரை கட்டுக்குள் இல்லை" என்று எழுதினால் போதாது. "இரவில் 300 கிராம் அரிசிச் சோறும் நாளில் ஆறு சர்க்கரை டீயும் எடுப்பதால் மூன்று மாதச் சர்க்கரை 8.1, இடுப்பு 98 சென்டிமீட்டர்" என்று எழுதினால் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே வந்துவிடும்.

அதற்கு முன் உணவு விவரம் வேண்டும். மூன்று நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுத வேண்டும், அதில் ஒரு நாள் கட்டாயம் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். கறியும் அன்றுதான், குவார்ட்டரும் அன்றுதான். அளவை கிராமில் கேட்டால் யாரும் சொல்ல முடியாது. கரண்டி, டம்ளர், ஆப்பை என்று கேட்டு, அந்த வீட்டுக் கரண்டியில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும். ரேஷன் அரிசியா கடை அரிசியா என்பதையும் எழுதியே ஆக வேண்டும். ரேஷன் அரிசி செறிவூட்டியதாக இருந்தால், அதில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்ந்திருக்கும். அதைச் சாப்பிடுகிறவருக்கு இரும்பு மாத்திரை எழுதும்போது இந்தக் கணக்கும் உள்ளே வர வேண்டும். நடுத்தர வயது ஆணுக்கு இரத்தம் குறைந்திருந்தால் மாத்திரையை நீட்டுவதற்கு முன் இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கொக்கிப்புழு, மூலம், குடல்புண், சில சமயம் குடல் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும். இரும்பு மாத்திரை அந்தத் தடயத்தை மூடி மறைத்துவிடும்.

சப்ளிமெண்டுக்குத் தனிப் பக்கம் வேண்டும். பொருளின் முழுப்பெயர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தொகுப்பு எண், காலாவதி நாள், எவ்வளவு, யார் சொன்னது, எதற்காக, எப்போது ஆரம்பித்தது. எல்லாவற்றையும்விட முக்கியம் எப்போது நிறுத்துவது என்பது. வைட்டமின் டி 60,000 யூனிட்டை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதித் தருவது வழக்கம். ஏட்டில் நிறுத்தும் நாள் இல்லாவிட்டால் அது எட்டு மாதம் ஓடும், அல்லது வாரத்துக்கு ஒன்று தினம் ஒன்றாகிவிடும். இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்து, கடைசியில் சிறுநீரகத்தைத் தொடும். நிறுத்தும் நாள் எழுதாத சப்ளிமெண்டை ஆரம்பிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பக்கம் டாக்டருக்கும் வேண்டும். கிரியேட்டின் எடுப்பவருக்கு இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்று உயர்ந்து தெரியும். அது தெரியாமல் பார்ப்பவர் சிறுநீரகக் கோளாறு என்று பயமுறுத்தலாம். மறுபக்கம், வெயிலில் வேர்த்து, தண்ணீர் போதாமல், உடம்பு வலிக்கு மாத்திரை போட்டே உண்மையாகவே சிறுநீரகம் கெட்டிருப்பவருக்குப் புரதத்தைக் கூட்டுவது தவறு. ஆகவே ஆரம்பிக்கும் முன் ஒரு அளவு கட்டாயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவருக்குத் தைராய்டு முடிவும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் முடிவும் பொய்யாக வரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017-இல் எச்சரித்தது. நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவரிடம் முடிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யார் கேட்பார்கள்? ஏடு இருந்தால் கேட்காமலே தெரியும்.

மறுபார்வையின் இடைவெளியை உடம்பே தீர்மானிக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் மூன்று மாதச் சர்க்கரையை மாதாமாதம் பார்ப்பது காசுக்குக் கேடு. எடையும் இடுப்பும் இரண்டு வாரத்துக்கொரு முறை போதும். ஹீமோகுளோபினுக்கு ஒரு மாதம். சொன்னதில் எதைச் செய்யவில்லை, ஏன் என்பதையும் எழுத வேண்டும். "கேழ்வரகுக் கூழ் பிடிக்கவில்லை", "இரவு ஷிப்டில் சுண்டல் ஊசிப்போகிறது" என்பவை நோயாளி மேல் புகார்கள் ஆகா, திட்டத்தின் பிழைகள்.

இத்தனையும் எழுதிய ஏடு யாருடையது? சாப்பிடுகிறவருடையது. குடிப்பழக்கம், குழந்தையின்மை, வீரிய மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். ஜிம்மின் கம்ப்யூட்டரிலோ கைபேசிச் செயலியிலோ அது கிடந்தால் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, என்றாலும் வீட்டு அலமாரியில் இருக்கும் நாற்பது பக்க நோட்டுக்கு ஈடான பாதுகாப்பு இப்போதைக்கு வேறில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கல்குவாரித் தொழிலாளர்கள்வரை எழுதப் பழகிய மாவட்டம் இது. எழுதத் தெரியாது என்ற சாக்கு இங்கே செல்லாது.

யார் போட்டுத் தருவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. உணவியலாளர்களை முறைப்படி பதிவு செய்வதற்கு வழிவகுத்த சுகாதாரத் துணைத்தொழில் ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது. ஜிம் மாஸ்டருக்கு உடற்பயிற்சி தெரியும், மெடிக்கல்காரருக்கு மாத்திரையின் பெயர் தெரியும். இருவரும் இரத்த அறிக்கை பார்த்துத் திட்டம் போடக் கூடாது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வம்பனில் பயறு மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, இந்த மாவட்டத்துச் சாப்பாட்டையும் கரண்டி அளவையும் வைத்து, ஆண்களுக்கென்று இருபது பக்கத்தில் ஒரு குறிப்பேடு அச்சடித்துக் காவலர் பயிற்சிக் கிரவுண்டிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் சிப்காட் வாசலிலும் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று உங்கள் வீட்டில் ஒரு சத்து டப்பாவோ மாத்திரைப் பட்டையோ இருந்தால், எதற்காக வாங்கினோம், என்றைக்கு நிறுத்தப்போகிறோம் என்று அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். எழுத முடியவில்லையா, அதைத் தொடாமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.